மாற்றுத்திறனாளிகளுக்கான தானியங்கி மாத்திரைப் பெட்டியை வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீண்டகால நோய்களுக்கு மருந்து உட்கொள்வோரில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் மருத்துவர் சொன்னபடி மருந்தைத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. இதற்கு மறதி ஒன்றே காரணம் என்று எண்ணி, குறித்த நேரத்தில் மணியடித்து மாத்திரையைக் கொட்டும் பெட்டி ஒன்றைச் செய்யப் பலர் முனைகிறார்கள். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர் மாத்திரை அட்டையைப் பிதுக்க முடியாமல் அமர்ந்திருக்கிறார். பார்வையற்றவரின் விரலுக்கு இரண்டு அட்டைகள் ஒன்றுபோலவே தட்டுப்படுகின்றன. நடுக்குவாதம் உள்ளவரின் உள்ளங்கையிலிருந்து மாத்திரை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இவர்களில் எவருக்கும் மணி மட்டும் உதவாது. ஆகவே இந்த வழிகாட்டி மோட்டாரிலிருந்து தொடங்காமல், பயன்படுத்தப் போகிறவரின் கையிலிருந்தும் அவருடைய மருந்துச் சீட்டிலிருந்தும் தொடங்குகிறது.

படி 1: யாருக்காகச் செய்கிறோம் என்பதை எழுதிவைத்தல்

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவை அனைத்துக்கும் ஒரே பெட்டி பொருந்தும் என்று எண்ணிச் செய்வது, எவருக்கும் சரிவரப் பொருந்தாத ஒன்றில்தான் முடியும். ஒரு மனிதரைத் தேர்ந்துகொண்டு, அவரால் இயல்வதையும் இயலாததையும் அவருடனேயே பேசி எழுத வேண்டும். எந்தக் கை வலுவாக உள்ளது, விரலால் அழுத்துவாரா அல்லது முழங்கையாலா, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கை எவ்வளவு உயரம் எட்டுகிறது, அடுத்த அறையில் ஒலிக்கும் மணி கேட்கிறதா, கிண்ணத்தை உதடுவரை தானே கொண்டுபோக முடிகிறதா, விழுங்குவதில் சிரமம் உண்டா என்பவையே முதற்கேள்விகள். பராமரிப்பவர் அவருக்காகப் பதில் சொல்ல முற்படுவது இயல்பு; ஆயினும் விடை உரியவரிடமிருந்தே வர வேண்டும், ஏனெனில் இந்தப் பெட்டியின் பயனே அவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் இருப்பதுதான்.

படி 2: மருந்துச் சீட்டைப் படித்தல்

நம் மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதும் மூன்று எண்கள் பெட்டிக்குப் போதுமான கட்டளை அல்ல. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை மணி தாமதித்தால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும், அரை மாத்திரை உண்டா என்பவற்றை ஒவ்வொரு மருந்துக்கும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு ஓர் அட்டவணையாக எழுதிக்கொள்ள வேண்டும். நடுக்குவாதத்துக்கான லெவோடோப்பா சிறிது தாமதித்தாலும் உடல் இறுகி, எழுந்து நடப்பதே கடினமாகலாம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் தரப்படும் மெதோட்ரெக்ஸேட்டோ, தவறுதலாக நாள்தோறும் உட்கொள்ளப்பட்டு உயிரிழப்பில் முடிந்ததுண்டு. இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே பெட்டி கையாள வேண்டியிருப்பதால், ‘தாமத வரம்பு’ என்ற எண் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அதை நிர்ணயிப்பது மருத்துவரின் பொறுப்பே அன்றி வடிவமைப்பாளரின் ஊகமாக இருக்கக் கூடாது.

அட்டையிலிருந்து பிரித்து வைக்கவே கூடாத மருந்துகளும் உண்டு. வலிப்புக்கான சோடியம் வால்புரோவேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் டாபிகாட்ரான் கேப்சூல் அதன் சொந்த உறையிலேயே இருக்க வேண்டும். நீரில் கரைக்கும் நுரை மாத்திரையும், குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியவையும் இந்தப் பெட்டிக்கு உரியவை அல்ல. மார்பு வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பூட்டிய பெட்டிக்குள் வைப்பது பேராபத்து. அது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் தனியாகவே இருக்கட்டும். கழித்த பிறகு எஞ்சும் மருந்துகளுக்கு மட்டுமே பெட்டியை வடிவமைக்கிறோம். எஞ்சுவது ஒன்றிரண்டே என்றால், பெட்டி தேவையா என்பதையே மறுபடி யோசிக்கலாம்.

படி 3: எப்போது மாத்திரை வெளிவர வேண்டும் என்று தீர்மானித்தல்

முழு வடிவமைப்பும் இந்தத் தீர்மானத்தைச் சார்ந்தே நிற்கிறது. நேரம் வந்ததும் தானாகவே கிண்ணத்தில் கொட்டும் பெட்டியை எண்ணிப் பாருங்கள். காலை எட்டு மணி மாத்திரையை அவர் எடுக்கவில்லை. உறங்கிவிட்டார் அல்லது மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டி மறுபடியும் கொட்டுகிறது. இப்போது கிண்ணத்தில் இரண்டு வேளை மருந்து சேர்ந்து கிடக்கிறது. பார்வையற்றவரோ நினைவாற்றல் குன்றியவரோ அதை ஒரே வாயில் போட்டுக்கொள்வார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் உரிய மாத்திரைகளில் இரட்டை வேளை என்பது, ஒரு வேளை தவறுவதைவிடக் கொடியதாக இருக்கக்கூடும்.

ஆகவே நேரம் வந்ததும் பெட்டி அழைக்க மட்டுமே வேண்டும். உரியவர் பொத்தானை அழுத்தினால்தான் மாத்திரை விழ வேண்டும். தாமத வரம்பு கடந்துவிட்டால், அந்த வேளைக்குரிய மாத்திரைகள் அவர் கைக்கு எட்டாத பூட்டிய அறைக்குள் போய்விட வேண்டும். இதை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது. மாத்திரை விழும் சரிவுப் பாதையில் ஒரு சிறு மடலைப் பொருத்துங்கள். சுருள்வில் அதை எப்போதும் பூட்டிய அறையின் பக்கமே இழுத்துப் பிடித்திருக்க, பொத்தான் அழுத்தப்படும்போது மட்டும் சிறிய சோலனாய்டு (மின்சாரம் பாயும்போது மட்டும் இழுக்கும் மின்காந்தம்) ஒன்று அதைக் கிண்ணத்தின் பக்கம் திருப்பட்டும். மின்சாரம் போனாலும், நிரல் குழம்பினாலும், மோட்டார் தானாகச் சுழன்றாலும், விழும் மாத்திரை பூட்டிய அறைக்குள்தான் போகும். இதே வேலைக்கு, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. மின்சாரம் நின்ற கணத்தில் அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதால் நான் அதை விலக்குகிறேன்.

படி 4: சுழல்தட்டு

மருந்து ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் இட்டு, காற்றை உறிஞ்சியோ வேறு வழியிலோ ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கும் இயந்திரங்கள் உள்ளன. வீட்டில் செய்யப்படும் பெட்டிக்கு அந்த வழி வேண்டாம்: மாத்திரைகளின் வடிவமும் வழவழப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன, மருந்துக் கடைக்காரர் இம்மாதம் தரும் அட்டை போன மாதத்தினுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளைக்கும் உரியதைப் பராமரிப்பவர் முன்கூட்டியே பிரித்து வைக்கும் சுழல்தட்டே நம்பகமானது.

நாளைக்கு 4 வேளை, 7 நாள் என்றால் 28 அறைகள். அவற்றுடன் தொடக்க நிலையில் துளைக்கு நேரே நிற்க ஒரு வெற்றறை சேர்த்து 29. ஓர் அறையின் வெளி அகலம் 25 மி.மீ., சுவர் 2 மி.மீ. என்று கொண்டால் வெளிச்சுற்று 783 மி.மீ. ஆகிறது, விட்டம் ஏறத்தாழ 250 மி.மீ. கடையில் கிடைக்கும் பெரிய ‘00’ அளவுக் கேப்சூல் 23 மி.மீ. நீளம் கொண்டது. அது குறுக்கே கிடந்தாலும் அடங்க வேண்டும் என்பதால்தான் இந்த 25 மி.மீ. தேவைப்படுகிறது. மையத்தை நோக்கி 40 மி.மீ. நீளமும் 25 மி.மீ. ஆழமும் தந்தால், ஒரு வேளைக்கு ஏழெட்டு மாத்திரைகள் கொள்ளும்.

அறைகளுக்கு அடிப்பகுதி கிடையாது. அவை ஓர் அசையாத தளத்தின் மீது வழுக்கிச் செல்லும், தளத்தில் உள்ள ஒரே துளைக்கு நேரே வரும்போது மாத்திரை கீழே விழும். சுவருக்கும் தளத்துக்கும் இடையிலான இடைவெளி 0.5 மி.மீ. அளவைத் தாண்டினால் உடைந்த அரை மாத்திரையின் விளிம்பு அதில் செருகிக்கொண்டு தட்டை நிறுத்திவிடும். மூலைகளை வளைவாக்குங்கள், சரிவுப் பாதைக்கு 45 பாகைக்குக் குறையாத சாய்வு கொடுங்கள், பாதையின் குறுகிய இடத்தையும் மிகப் பெரிய மாத்திரையின் நீளத்தைப் போல இருமடங்குக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் இரண்டு மாத்திரைகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடும்.

முப்பரிமாண அச்சில் எடுப்பவர்கள் பிஎல்ஏ என்ற நெகிழி நூலைத் தவிர்க்கலாம். அது 55 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நெகிழத் தொடங்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் அதுவும் நடக்கும். பிஇடிஜி என்ற நெகிழி இதைவிட வெப்பம் தாங்கும். அச்சின் வரிவரியான மேற்பரப்பில் மாத்திரைத் துகள் படிந்து கழுவ வராது என்பதால், மருந்து தொடும் பரப்புகளுக்கு வழவழப்பான உணவுத்தர நெகிழித் தகடு ஒட்டுவது அவசியம். மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்க ஓர் இடமும் விடுங்கள்; கடலோர ஊர்களின் மழைக்காலத்தை அது தாங்கும், ஆனால் மாதந்தோறும் மாற்றப்பட வேண்டும்.

படி 5: மோட்டாரும் சென்சார்களும்

சிறு சிறு படிகளாகச் சுழலும், மலிவாகக் கிடைக்கும் 5 வோல்ட் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டாரும் யுஎல்என்2003 இயக்கிப் பலகையும் இதற்குப் போதும். தட்டின் எடையை மோட்டார் அச்சின் மீது ஏற்றாமல் ஒரு 608 பேரிங்கின் மீது அமர்த்துங்கள். இந்த மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 2048 படிகள் என்று எங்கும் எழுதியிருக்கும். அதை 29 அறைகளுக்குப் பகிர்ந்தால் 70.62 வருகிறது. ஒவ்வொரு முறையும் 70 படிகள் நகர்த்தினால், ஒரு சுற்று முடிவில் 18 படிகள், அதாவது 3 பாகைக்கு மேல், பின்தங்கிவிடும். அதனுடன் மோட்டாருக்குள் இருக்கும் பற்சக்கரங்களின் விகிதம் உண்மையில் 64 அல்ல, 63.68 என்பதால், சரியான எண்ணிக்கை ஏறத்தாழ 2038 படிகளே. ஓர் அறையின் அகலம் 12.4 பாகை மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், படிகளை எண்ணிக்கொண்டே போகும் பெட்டி சில வாரங்களில் ஒரு வேளையின் மருந்தை வேறொரு வேளையில் தந்துவிடும் என்பது விளங்கும்.

எண்ணிக்கையை நம்பாமல் தட்டையே பார்ப்பதுதான் தீர்வு. தட்டின் விளிம்பில் அறைக்கு ஒன்றாக 29 வெட்டுகள் வைத்து, வெற்றறைக்குரிய வெட்டை மட்டும் அகலமாக்கி, ஓர் ஒளித்தடை சென்சாரால் அவற்றைப் படியுங்கள். மோட்டார் அடுத்த வெட்டு வரும்வரை சுழலட்டும்; 90 படிகளுக்குள் வெட்டு வராவிட்டால் தட்டு எங்கோ சிக்கியிருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். பற்சக்கரத் தளர்வு இருப்பதால் எப்போதும் ஒரே திசையில் சுழற்றுங்கள்.

மாத்திரை விழுந்ததை அறிய, சரிவுப் பாதையின் குறுக்கே அகச்சிவப்பு ஒளிக்கதிர் இணைகள் மூன்று நான்கு வையுங்கள்; ஒன்று மட்டும் இருந்தால் சிறிய மாத்திரை அதன் ஓரமாக விழுந்துவிடும். எத்தனை மாத்திரை விழுந்தது என்று இவற்றைக் கொண்டு எண்ண முற்படாதீர்கள், ஏனெனில் இரண்டு சேர்ந்து விழுந்தால் ஒன்றாகத்தான் தெரியும். ‘ஏதோ விழுந்தது’, ‘எதுவும் விழவில்லை’ என்ற இரண்டு விடைகள் போதும். எதுவும் விழாவிட்டால் சிறு அதிர்வு மோட்டாரால் பாதையைத் தட்டிப் பார்க்கலாம். அதன் பிறகும் விழவில்லை எனில், அடுத்த அறைக்கு நகராமல் ஆளை அழைக்க வேண்டும்.

கிண்ணத்தின் அடியில் ஓர் எடை சென்சார் இருந்தால், கிண்ணம் எடுக்கப்பட்டதா, வெறுமையாகத் திரும்பியதா என்பது தெரியும். ஆனால் கிண்ணம் காலியானது என்பதற்கும் மருந்து விழுங்கப்பட்டது என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியை எந்த சென்சாரும் நிரப்பாது. ஆகவே பதிவேட்டில் ‘உட்கொண்டார்’ என்று எழுதாமல் ‘எடுத்தார்’ என்றே எழுதுங்கள். மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்து மருந்தளவை மாற்றக்கூடும்.

படி 6: நேரமும் மின்சாரமும்

கடிகாரத்துக்கு டிஎஸ்3231 சில்லைத் தேர்ந்தெடுங்கள். 0 முதல் 40 பாகை வெப்பத்தில் அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்கு, அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிட அளவு. இணையத்திலிருந்து நேரம் பெறுவது கூடுதல் வசதிதான். அதையே நம்பியிருந்தால் வைஃபை இல்லாத நாளில் மருந்தும் இல்லை. இந்தச் சில்லுடன் விற்கப்படும் மலிவான பலகைகள் சிலவற்றில் நாணய பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று உள்ளது. மறுமின்னேற்றம் செய்யக் கூடாத சிஆர்2032 பேட்டரியை அதில் இட்டால் அது உப்பி வெடிக்கக்கூடும் என்பதால், அந்தச் சுற்றின் மின்தடையை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

மின்வெட்டுக்காகக் கைபேசிப் பவர் பேங்கை இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும், பெட்டியை இயக்கும் சிறு கணினிச் சில்லான கட்டுப்படுத்தியோ உறங்கும்போது மிகக் குறைவாகத்தான் எடுக்கும். பாதுகாப்புச் சுற்றுள்ள 18650 லித்தியம் பேட்டரியும், மின்னேற்றும்போதே கருவிக்கும் மின்சாரம் தரக்கூடிய பலகையும் சிறந்தவை. ஒரு முழு நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் எல்லா வேளைகளும் கிடைப்பதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள்.

படி 7: அழைப்பு

வயது ஏற ஏற முதலில் குறைவது உச்ச அதிர்வெண்களைக் கேட்கும் திறன். சிறு பீசோ ஒலிப்பான்களோ 3000 ஹெர்ட்ஸ் அளவில்தான் கீச்சிடுகின்றன. செவித்திறன் குறைந்தோரை உறக்கத்திலிருந்து எழுப்ப 520 ஹெர்ட்ஸ் சதுர அலை சிறப்பாக உதவுவதால், அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதிகள் உறங்கும் அறைகளுக்கு அதையே கோருகின்றன. நம் பெட்டிக்கும் சிறிய ஒலிபெருக்கியும் அதே தாழ்ந்த ஒலியும் வைப்போம். மணிக்குப் பின் ஒரு குரல் ஒலிக்கட்டும். மெமரி கார்டிலிருந்து ஒலிக்கும் சிறு எம்பி3 பலகையில், வீட்டில் உள்ள ஒருவரின் குரலிலேயே, “அப்பா, காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடும் மாத்திரை இது, தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள்” என்று பதிந்துவைத்தால், எந்த வேளை என்பதும் செய்ய வேண்டியதும் பார்வையற்றவருக்கும் நினைவாற்றல் குன்றியவருக்கும் ஒருங்கே தெளிவாகும்.

காது கேளாதவருக்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வானும் ஒளியும் வேண்டும். ஒளி மின்னினால், ஒரு நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது. வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும், நம் பயனாளர்களில் வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் இருப்பார்கள். நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் ஒளி போதும்.

படி 8: பொத்தானும் கிண்ணமும்

ஒரே ஒரு பொத்தான் இருக்கட்டும். உள்ளங்கை அளவில், சுற்றிலும் விளிம்பு உயர்த்தி, சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட நிறத்தில். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் வடிவமைப்புத் தரம், இயக்கும் உறுப்பு எதுவும் ஒரு கையால் இயங்க வேண்டும், இறுகப் பிடிக்கவோ கிள்ளவோ மணிக்கட்டைத் திருகவோ வைக்கக் கூடாது, 22.2 நியூட்டனுக்கு மேல் விசை கேட்கக் கூடாது என்கிறது. 22 நியூட்டன் என்பது இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடை. தசை வலுவிழந்தவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஏற்றது. நடுக்குவாதத்தின் ஓய்வுநிலை நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை நிகழ்வது, ஆகவே ஓர் அழுத்தம் ஏற்கப்பட்டபின் அடுத்த சில நொடிகளுக்கு வரும் அழுத்தங்களை எல்லாம் பெட்டி புறக்கணிக்க வேண்டும். தொடுதிரையை இவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு 3.5 மி.மீ. துளைச்செருகி வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கால் ஸ்விட்ச், கன்னத்தால் அழுத்தும் ஸ்விட்ச், ஊதி இயக்கும் ஸ்விட்ச் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தச் செருகியில்தான் வருகின்றன. செலவு சில ரூபாய்தான், ஆனால் கையே அசையாத ஒருவருக்கும் அது பெட்டியைத் திறந்துவிடுகிறது. கிண்ணத்துக்கு அகன்ற கைப்பிடியும் உயர்ந்த சுவரும் தருக. பெட்டியின் அடியில் வழுக்காத ரப்பர் வைக்காவிட்டால் ஒரு கையால் அழுத்துபவருக்கு அது நகர்ந்துகொண்டே போகும்.

படி 9: நிரல்

நிரலின் ஒவ்வொரு நிலையையும் பெயரிட்டுத் தாளில் வரைந்த பிறகே எழுதத் தொடங்குங்கள்: காத்திருத்தல், அழைத்தல், விழுத்துதல், சரிபார்த்தல், தவறியது, பழுது. மோட்டார் சுழலும் முன் ‘இந்த அறையை விழுத்தப் போகிறேன்’ என்று, மின்சாரம் போனாலும் அழியாத நிலைநினைவகத்தில் எழுதி, விழுந்த பின் ‘முடிந்தது’ என்று எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போய் மீண்டால், முதல் குறிப்பு மட்டும் இருக்கும். அப்போது பெட்டி மறுபடி விழுத்த முயலாமல், சந்தேகத்தை ஒரு மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும். நிரல் உறைந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் கண்காணிப்புக் கடிகாரத்தையும் இயக்கிவிடுங்கள்.

செய்தி அனுப்ப வைஃபையுடன் ஒரு மாற்று வழி தேவை. கைபேசி வலை வழியே செய்தி அனுப்பும் மலிவான எஸ்ஐஎம்800எல் பலகை 2ஜி வலையில் மட்டுமே இயங்கும், ஜியோ போன்ற 4ஜி வலையில் இயங்காது. சிம் வாங்கும் முன் இதைப் பாருங்கள். யாருக்குச் செய்தி போக வேண்டும் என்பதை உரியவரே தீர்மானிக்கட்டும்.

படி 10: நிரப்புதல்

இயந்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், தவறான அறையில் வைத்த மாத்திரையை அது தவறாகவே தரும். தட்டை வெளியே எடுத்து, வெளிச்சமான மேசையில், குறுக்கீடில்லாத நேரத்தில் நிரப்ப வேண்டும். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு நிறங்களும் பெரிய தமிழ் எழுத்துகளும், பார்வையற்றவரே நிரப்புவாரெனில் இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் குறிகளும் பதியுங்கள். வேளை வேளையாக அல்லாமல் மருந்து மருந்தாக நிரப்புவது நல்லது: ஓர் அட்டையைக் கையில் எடுத்தால் அது சேர வேண்டிய எல்லா அறைகளிலும் இட்டு முடித்தபின் அடுத்த அட்டை. முடிந்ததும் தட்டைப் புகைப்படம் எடுத்து வைத்து, இன்னொருவர் சீட்டுடன் ஒப்பிடட்டும். வெட்டிய அட்டைகளைத் தட்டு தீரும்வரை எறியாதீர்கள். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அவற்றில்தான் உள்ளன.

படி 11: சோதனை

மருந்தில்லாத சர்க்கரை மாத்திரைகளையும் வெற்றுக் கேப்சூல்களையும் கொண்டு சோதியுங்கள். 1000 முறை விழுத்தி ஒரு பிழையும் நேராவிட்டால் பெட்டி சரியாக உள்ளது என்று மகிழத் தோன்றும். புள்ளியியல் சொல்வது வேறு: பிழையின்றி n முறை ஓடினால், உண்மையான பிழை வீதம் 3/n வரை இருக்கக்கூடும் என்றே 95 விழுக்காடு உறுதியுடன் கூற முடியும். நாளைக்கு 4 வேளை என்றால் ஆண்டுக்கு 1460 வேளைகள். 1000 முறை ஓடிய பெட்டி ஆண்டுக்கு நான்கு முறை தவறக்கூடும். ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று சொல்ல 4380 முறை பிழையின்றி ஓட வேண்டும். இரவெல்லாம் தானாக ஓடவிட்டு, பதிவேட்டைக் காலையில் பார்த்தால் இது எட்டக்கூடிய எண்ணே. இடையிடையே மின்சாரத்தைப் பிடுங்குங்கள், ஒளி சென்சாரை மறையுங்கள், தட்டை விரலால் பிடித்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மாத்திரை பூட்டிய அறைப் பக்கம் போகிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகு உரியவரின் வீட்டில், இரண்டு வாரமாவது, பராமரிப்பவர் அருகில் இருக்கப் பெட்டி ஓடட்டும்; அதுவரை பழைய முறையைக் கைவிட வேண்டாம். ஒரு குடும்பத்துக்காகச் செய்வதோடு நிறுத்தாமல் விற்க எண்ணுவோர், 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்கீழ் தம் கருவி வருமா என்பதை முதலிலேயே விசாரித்து, இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971, பயன்பாட்டு எளிமைக்கான ஐஇசி 62366-1 ஆகிய தரங்களின்படி ஆவணங்களைத் தொடக்கத்திலிருந்தே எழுதி வர வேண்டும்.

பெட்டியை ஒப்படைக்கும்போது மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். மருந்துச் சீட்டு மாறினால் தட்டில் உள்ள அனைத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், மாதம் ஒருமுறை தளத்தையும் சரிவுப் பாதையையும் கழுவிக் காயவைக்க வேண்டும், பூட்டிய அறையில் சேர்ந்த மாத்திரைகளை மறுபடி தட்டில் போடாமல் அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும், பெட்டி பழுதானால் கையால் எடுக்க மாற்றுச் சாவி இன்னாரிடம் உள்ளது என்ற நான்கு வரிகள் அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.